துரை எடுத்த அழைப்பு

நாவலூர்
9 ஜூன் 2025

அன்புள்ள அத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நலம். விடுதியில் தண்ணீர் மட்டும் நலமில்லை. லாரி வரும் நாளில் குளிக்கிறோம்.

வேலை கிடைத்திருக்கிறது. மறுபடியும் தற்காலிகம்தான். சிறுசேரியில். ஒரு கண்ணாடி அறை, உள்ளே ஒரு மைக். திரையில் வரும் வாக்கியங்களை வாசிக்க வேண்டும். குடை எடுத்துக்கொண்டு போ. ரயில் தாமதமாக வரும். மாமா இன்னும் தூங்குகிறார். ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லை. இதை வைத்துக் கணினிக்குப் பேசச் சொல்லிக்கொடுப்பார்களாம். மேலாளர் ஹரிசங்கர் முதல் நாள் கேட்டுவிட்டு, செய்தி வாசிப்பது போல இருக்கிறது, உங்களுக்குப் பிடித்த ஒருவர் எதிரில் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள் என்றார். நான் உங்களை உட்கார வைத்தேன். காது கேட்ட காலத்து அத்தாவை. அதன்பிறகு அவர் குறுக்கிடவே இல்லை.

மாலையில் வரைகிறேன். சத்தங்களைக் கோடுகளாக. உங்களுக்காக ஒரு புத்தகம். அலையை எல்லோரும் வளைவாகப் போடுகிறார்கள். எனக்குக் கிழிசல் மாதிரி வருகிறது. சாக்கிலிருந்து சிப்பி கொட்டும் சத்தம் மட்டும் பிடிபடவில்லை. நினைவிலிருந்து எழுதி அனுப்புங்கள்.

துரை மாமாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள் மகள்
சுராயா


மாமல்லபுரம்
16 ஜூன் 2025

அன்பு மகள் சுராயாவுக்கு,

வ அலைக்கும் ஸலாம். தண்ணீர் இல்லாததைச் சிரிப்பாக எழுதியிருக்கிறாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உன் அம்மா இருந்திருந்தால் அன்றைக்கே பஸ் ஏறியிருப்பாள். நாள் முழுக்க வாசிக்கிறவள் வெந்நீர் குடிக்க வேண்டும். சிப்பி கொட்டும் சத்தத்தை நானும் யோசித்துப் பார்த்தேன். கை அசைவு நினைவிருக்கிறது. சத்தம் இல்லை.

கடை பரவாயில்லை. சங்கு மாலைகள் போகின்றன. பணம் வந்ததைச் சொல்லும் பெட்டி பேசினால் பக்கத்துக் கடையிலிருந்து துரை விரலால் காட்டுகிறார். என் போன் அடித்தாலும் அவர்தான் எடுத்துக் கேட்டுச் சொல்கிறார். சாலையை அழகுபடுத்த யாரோ ஒப்பந்தம் எடுத்திருக்கிறார்களாம். கடைகளை எடுக்கச் சொல்வார்கள் என்று பேச்சு.

இதுவரை காலையில் எழுதியது. இனி எழுதுவது மாலையில். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

மதியம் போன் அடித்தது. துரை எடுத்தார். அவர் உதடு எனக்குப் பழக்கம். "உம் பொண்ணுதான் பேசிகினு கீது பாய்" என்று சிரித்தார். எனக்கும் சந்தோஷம். பிறகு அவர் சிரிப்பு நின்றது. போனை என் எதிரில் வைத்துவிட்டுப் போய்விட்டார். அதற்குள் எதிர்க்கடை ஜெகதாம்பாளின் போன் அடித்திருக்க வேண்டும், அவள் எடுத்தாள். பிறகு வரிசையாக எல்லாக் கடையிலும். எல்லோரும் காதில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார்கள்.

துரை திரும்பி வந்து ஓர் அட்டையில் எழுதிக் காட்டினார். மாத முடிவுக்குள் கடைகளைக் காலி செய்ய வேண்டும், இல்லாவிட்டால் ஜேசிபி வரும் என்று நீ சொல்கிறாயாம். எல்லோருக்கும் சொல்கிறாயாம்.

மகளே, அங்கே என்ன வேலை பார்க்கிறாய்?

அத்தா


நாவலூர்
19 ஜூன் 2025

அத்தா,

விடுதிப் படிக்கட்டில் நின்றபடியே படித்தேன். ஸலாம் எழுத மறந்துவிட்டேன், மேலே இடமில்லை. அஸ்ஸலாமு அலைக்கும்.

நான் அதைச் சொல்லவில்லை.

என் அறைத்தோழி கவியாவின் சித்தப்பா உங்கள் தெருமுனையில் ஜூஸ் கடை வைத்திருக்கிறார். அவருக்கும் அழைப்பு வந்திருக்கிறது. பதிவு செய்ததை அனுப்பினார். கேட்டேன். என் குரல். நான் வாசிக்காத வாக்கியம். 'காலி செய்துவிடுங்கள்' என்ற இடத்தில் ஓர் இழுப்பு. உங்களைச் சாப்பிடக் கூப்பிடும்போது இழுப்பேனே, அது. அதை யாரும் எங்கிருந்தும் திருட முடியாது அத்தா. நான்தான் கொடுத்தேன். தினமும், கண்ணாடி அறையில், உங்களை எதிரில் வைத்துக்கொண்டு.

நீ பேசியதுதானே என்று கவியா கேட்டாள். மறுபடியும் ஓட விட்டுக் கேட்டேன்.

ஹரிசங்கரிடம் போனேன். "ரெக்கார்டு பண்ணி அனுப்புறதோட நம்ம வேல முடிஞ்சிடுதுங்க. அப்பால அது யாரு கைக்குப் போவுதுன்னு எனக்கே தெரியாது" என்றார். கெட்டவர் இல்லை. டீ வாங்கிக் கொடுத்தார். யார் வேண்டுமானாலும் வாக்கியத்தைத் தட்டச்சு செய்தால் போதுமாம். இயந்திரம் என்னைப் போலவே சொல்லுமாம்.

வேலையை விட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை கடைக்காரர்கள் கூட்டம் என்று கேள்விப்பட்டேன். வருகிறேன். அவர்கள் எதிரில் நின்று நானே சொல்கிறேன்.

சுராயா


மாமல்லபுரம்
20 ஜூன் 2025

அன்பு மகளுக்கு,

ஸலாம். உன் பதில் இன்னும் வரவில்லை. வந்துதான் எனக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை. நீ அப்படிச் சொல்லமாட்டாய்.

நீ ஒப்பந்தக்காரர் பக்கம் சேர்ந்துவிட்டாய் என்று தெருவில் பேச்சு. இன்று ஜும்ஆ தொழுகை முடிந்து வந்ததும் எல்லோரையும் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன். அது என் மகள் குரல் இல்லை. அவளுக்குத் தொண்டையில் ஆபரேஷன் ஆகியிருக்கிறது, இப்போது குரலே வேறு. "காதே கேக்காது, உனுக்கு இன்னா தெரியும் பாய்?" என்றாள் ஜெகதாம்பாள். பெற்றவனுக்குத் தெரியும் என்றேன். துரை எல்லோரையும் கையமர்த்தினார். பிறகு, பாய் சொன்னால் சரி என்றார். அதோடு அடங்கியது.

அல்லாஹ் மன்னிக்கட்டும்.

நீ இப்போது வராதே. வந்தாலும் யார் முன்னாலும் வாய் திறக்காதே.

அத்தா


நாவலூர்
22 ஜூன் 2025

அத்தா,

உங்கள் கடிதம் இப்போதுதான் கைக்கு வந்தது. நேற்றே வந்திருக்கிறது. வார்டன் மேசையில் வைத்து மறந்துவிட்டார்.

இதைப் படிக்காமல்தான் கூட்டத்துக்கு வந்தேன்.

நான் எழுந்ததும் நீங்கள் கையைக் கையை ஆட்டினீர்கள். எனக்காகப் பயப்படுகிறீர்கள் என்று நினைத்தேன். "நான் சொல்றத கொஞ்சம் கேளுங்க" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். ஜெகதாம்பாள் அத்தை இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். பின்னால் யாரோ, அதே குரல் என்றார்கள். நீங்கள் என் வாயைப் பார்க்கவில்லை. அவர்கள் முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். முகம் மாறுவதை ஒவ்வொன்றாக.

துரை மாமா என் பக்கம் திரும்பவே இல்லை. உங்களிடம், "எங்கிட்டயே பொய் சொல்ட்டியே பாய்" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். நீங்கள் அவர் உதட்டைப் பார்த்துவிட்டீர்கள்.

அந்தப் பொய் என்னவென்று அப்போது எனக்குப் புரியவில்லை. கண்ணாடி அறை, இயந்திரம், எல்லாவற்றையும் விளக்கிக்கொண்டே இருந்தேன். விளக்க விளக்க அந்த அழைப்பு பேசுவது போலவே இருந்தது. எனக்கே.

இந்த ஊரில் எனக்கு வேறு வேலை இல்லை. வீட்டுக்கு வந்துவிடட்டுமா? எழுதுங்கள்.

சுராயா


மாமல்லபுரம்
27 ஜூன் 2025

அன்பு மகள் சுராயாவுக்கு,

வ அலைக்கும் ஸலாம். நீ உண்மையைச் சொல்ல வந்தாய். நான் பொய் சொல்லி வைத்திருந்தேன். இரண்டும் ஒரே கூட்டத்தில் வந்து நின்றுவிட்டன. உன்மேல் எனக்கு வருத்தம் ஏதும் இல்லை.

செங்கல்பட்டு கலெக்டர் ஆபீசில் மனு கொடுக்க எல்லோரும் வேன் வைத்துப் போனார்கள். என்னைக் கூப்பிடவில்லை. இரண்டு கடைக்கும் ஒரே தார்ப்பாய் கட்டியிருந்தோம் அல்லவா, துரை தன் பக்கத்தை அறுத்துக்கொண்டார். சண்டை போடவில்லை. அளந்து, நேராக அறுத்தார்.

இப்போதைக்கு வராதே. உன்னை யாரும் ஒன்றும் செய்யமாட்டார்கள். ஆனால் நீ நலமா என்று கேட்டால்கூட இங்கே அது வேறு மாதிரி கேட்கும். எத்தனை நாளைக்கு என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அந்த அழைப்பு தினமும் மதியம் வருகிறது. மற்றவர்கள் எடுப்பதில்லை. என் போனை எடுத்துக் கேட்க இப்போது ஆள் இல்லை. நேற்று நானே எடுத்தேன். ஸ்பீக்கரைப் போட்டு உள்ளங்கையில் வைத்துக்கொண்டேன். லேசாக அதிர்ந்தது. இடையில் கொஞ்சம் நின்றது, மூச்சு விடுவது போல. பிறகு மறுபடியும்.

என்னைக் காலி செய்யச் சொல்கிறாய் என்று தெரியும். முடியும் வரை நான் போனை வைக்கவில்லை.

அத்தா