வெர்லினுக்காக மினுக்கிய பித்தளை

அன்புள்ள நோரீனுக்கு,

டக்கோட்டாக் குளிரிலும் நான் நலமாகவே இருக்கிறேன். உன் முட்டிவலி தேவலையா?

எண்ணெய்க் கிணற்றில் என்னோடு வேலை செய்யும் வெர்லினைப் பற்றி எழுதியிருந்தேனே. ஞாயிறுதோறும் துப்பாக்கி சுடும் திடலில், மறுபடி மருந்து நிரப்ப நான் வைத்திருக்கும் காலிப் பித்தளைத் தோட்டாக் கூடுகளைத் தானும் மருந்து நிரப்பிச் சுடுவதற்கென்று பொறுக்கிக்கொண்டு, "மண்ணுல கெடந்தா யாருக்கு வேணா சொந்தம்டா" என்று சிரிப்பான். பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

போன மாதம் வெளிநாட்டுக் கூடுகள் நூறு கிடைத்தன. வெளியே பார்த்தால் நம்முடையவை போலவே இருக்கும். உள்ளே மட்டும் நடுத்துளைக்குப் பதிலாக ஓரத்தில் இரண்டு துளைகள். கூட்டின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் சின்ன மூடியான பழைய பிரைமரைத் தட்டியெடுக்க ஊசியை இறக்கினால், ஊசிதான் ஒடியும். அவற்றை வால்நட் ஓட்டுத் தூளில் ஆறு மணி நேரம் உருட்டி, தங்கமாக மினுக்கி, ஞாயிற்றுக்கிழமை என் காலடியில் சிந்தினேன். சுட்ட கூடு எப்படிப் பளபளக்கும் என்றுகூட யோசிக்காமல் அத்தனையையும் அள்ளினான்.

வியாழனன்று சாப்பாட்டு அறையில் வந்து நின்றான்.

"வேட், ஊசி இருந்தா ஒண்ணு குடேன். மூணு ஒடஞ்சு போச்சு. கடையிலயும் இல்லயாம்."

"எந்தக் கூட்டுல ஒடஞ்சுது?" என்று உரக்கக் கேட்டேன்.

மொத்த மேசையும் திரும்பியது. என் காலடியில் பொறுக்கியது என்று சொல்ல முடியாமல் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு வெளியே போனான். எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. கடையிலிருந்த ஊசிகளெல்லாம் என் பெட்டியில்தான் இருக்கின்றன.

கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி அனுப்பு. உன் தலையணை உறை ஒன்றும் வேண்டும், கூடுகளைத் துடைக்கத்தான். துவைக்க வேண்டாம், அப்படியே அனுப்பு.

வேலைக்குக் கூட்டிப்போகும் வண்டிக்காரன் ஹாரன் அடிக்கிறான்.

உன்
வேட்