பின்னறைச் சுவரில் எண்ணெய்க் கை

என்னங்க,

பெயிண்டர் வந்திருக்கிறார். பின்னறைச் சுவரைக் காட்டி, "என்னம்மா இது, ரெண்டு கை எண்ணெயா அப்பியிருக்கு? சுரண்டிட்டு பட்டி வச்சாத்தான் பெயிண்ட் நிக்கும்" என்கிறார். அப்படியே வந்து உங்களுக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன். கிட்டப் போனால் இன்னும் நல்லெண்ணெய் வாசம் வருகிறது.

உங்கள் தம்பி போன கதை ஸ்ரீரங்கத்தில் எல்லோருக்கும் தெரியும். காந்தி மார்க்கெட்டுக்கு வாழைத்தார் ஏற்றி வந்த லாரி சாய்ந்தது, அவர் அடியில் நின்றார், நீங்கள் இரண்டு கையாலும் முட்டுக் கொடுத்துப் பார்த்தீர்கள். அன்று இறுகிய தோள் பிறகு இறங்கவே இல்லை. காவிரிக் கரையில் கொள்ளி வைத்தபோதுகூட உங்களுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. தூக்கத்தில் பல்லைக் கடிப்பீர்கள். நானும் தைலம் தேய்த்தேன், ஒத்தடம் கொடுத்தேன், சுற்றிப் போட்டேன். கேட்டால், "எனக்கு ஒண்ணுமில்ல, நீ போய் வேலையப் பாரு" என்பீர்கள்.

எலும்பு டாக்டர்தான், "எக்ஸ்ரே நல்லா இருக்கு, மனசுல இருக்கிறது தோள்ல நிக்குது" என்று கே.கே. நகரில் அந்தப் பெண்ணிடம் அனுப்பினார். மனநல ஆலோசகர்தான், ஆனால் பேச்சைவிட உடம்பைத்தான் அதிகம் கவனிப்பாளாம். நம் மகள் வயதுகூட இருக்காது. "ஐயா, இப்ப உடம்புல எங்க இறுக்கமா இருக்கு?" என்று கேட்டாள். நான் முந்திக்கொண்டு, "தோள்லதாம்மா, கழுத்து வரைக்கும் பிடிச்சு இழுக்கும்" என்றேன். வழக்கம்தானே, எந்த டாக்டரிடம் போனாலும் உங்களுக்கு நான்தானே வாய். அவள் சிரித்தபடி, "அம்மா, அவரே சொல்லட்டுமே. நீங்க கொஞ்சம் வெளியில இருங்க" என்றாள். என்னை! என் புருஷன் தோள்வலிக்கு என்னையே வெளியே அனுப்புகிறாள்! நீங்களும் என்னை இருக்கச் சொல்லவில்லை.

ஒருநாள் கதவுக்கு அந்தப் பக்கம் அவள் குரல் கேட்டது. "அன்னைக்கு உங்க கை செய்ய நினைச்சது இன்னும் பாதியிலயே நிக்குதுங்க ஐயா. மெதுவா சுவரைத் தள்ளிப் பாருங்க. முடியலன்னா நிறுத்திக்கலாம்." கொஞ்ச நேரத்தில் ஓர் அழுகைச் சத்தம். உங்கள் குரல் என்று முதலில் எனக்குப் புரியவே இல்லை. புரிந்ததும் சந்தோஷமா வந்தது? வயிறுதான் எரிந்தது. இத்தனை வருஷம் பக்கத்திலேயே கிடந்த எனக்குக் காட்டாததை நேற்று வந்தவளுக்குக் காட்டிவிட்டீர்களே!

திரும்பி வரும்போது பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து வாய் திறந்து தூங்கினீர்கள். எப்போதும் மூடியே இருக்கும் கை மடியில் விரிந்து கிடந்தது. "உள்ள என்னங்க சொன்னீங்க?" என்று எழுப்பிக் கேட்டேன். "சொல்லத் தெரியலடி" என்றீர்கள். அவளிடம் மட்டும் தெரிந்ததாக்கும்!

அப்புறம் சனிக்கிழமைதோறும் எண்ணெய் தேய்த்துக்கொண்டு, ஊறும் வரை பின்னறையில் நின்று சுவரைத் தள்ளுவீர்கள். "சுவரு பாழாகுது, அவ வீட்டுல போய்த் தள்ளுங்க!" என்று கத்துவேன். நீங்கள் சிரிப்பீர்கள். அந்தச் சிரிப்பும் அவள் கொடுத்ததுதான் என்று அதற்கும் ஒரு கோபம் வரும்.

நீங்கள் போன பிறகு அவள் துக்கம் கேட்க வந்தாள். படத்தைப் பார்த்து அழுதாள். அதைப் பார்த்ததும் எனக்கு வந்த அழுகை அப்படியே நின்றுவிட்டது. "அம்மா, உங்களுக்கு எங்க இறுக்கமா இருக்கு?" என்று கையைப் பிடித்தாள். "முட்டியில. வாயு" என்றேன். அன்று நின்றதுதான், இன்று வரை வரவில்லை. மகள்கூட, "அழுதுடும்மா" என்று கெஞ்சிப் பார்த்துவிட்டாள்.

இவ்வளவும் எழுதியபோது பெயிண்டர் டீ குடிக்கப் போனார்; பேனாவை வைத்துவிட்டு எழுந்தேன். கதவைச் சாத்திவிட்டு அந்தச் சுவரின் முன்னால் நின்றேன். உங்கள் உயரம் எனக்கு எட்டவில்லை. மணையைப் போட்டு ஏறி, உங்கள் கைமேல் என் கையை வைத்துத் தள்ளினேன். முதலில் தோள் நடுங்கியது, பிறகு வந்துவிட்டது பாருங்கள், அடிவயிற்றிலிருந்து. மணையிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்து அழுது தீர்த்தேன்.

பெயிண்டர் கதவைத் தட்டுகிறார். இந்தச் சுவரை மட்டும் விட்டுவிடச் சொல்லப் போகிறேன். அந்தப் பெண் மறுபடி வந்து கேட்டாலும் முட்டிவலி என்றுதான் சொல்வேன். இது எனக்கும் உங்களுக்கும் மட்டும்.