புளி போட்டு மினுக்கிய காசு

என் குறும்புக்கெல்லாம் பங்காளியான சின்ன மாமாவுக்கு,

நீங்கள் போய் நாற்பது நாளாகிறது. அங்கே சுருட்டுக் கிடைக்குதா? இங்கே உங்கட தோணிக்கு இப்போது ஒரு கொக்குதான் முதலாளி. நல்ல முதலாளி. ஆரிடமும் கதை அளப்பதில்லை.

நேற்று மாமியும் நானும் உங்கட காசைக் காத்தான்குடிக்குக் கொண்டுபோனோம். ஓம், அதே செம்புக்காசுதான், மண்டூர்த் துறையடியில் வீச்சுவலையோடு சேற்றுக்குள் இருந்து வந்தது. ஒரு பக்கம் ஒல்லாந்தக் கம்பனியின் முத்திரை மேடாக இருக்கு, மறுபக்கம் அதே முத்திரை கண்ணாடியில் பார்ப்பதுபோல் திரும்பிப் பள்ளமாக இருக்கு என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தீர்களே. "பூவுமில்ல, தலையுமில்ல, மாமாக்கு மூளையுமில்ல" என்று ஊருக்குப் பாட்டுக் கட்டிக் கொடுத்தவன் நான். உங்கட முப்பத்தோராம் நாள் சடங்கிலும் அதைப் பாடிச் சிரித்தார்கள். உங்கட சோற்றைத் தின்றுகொண்டே, மாமா. குழம்புக்கு இரண்டாம் தரமும் கை நீட்டினார்கள்.

மாமி மட்டும் சிரிக்கவில்லை. "மகன், அந்த மனிசன் சொன்னது பொய்யா உண்மையா எண்டு எனக்குத் தெரியோணும். விக்கிறதுக்கு இல்ல" என்று காசை என் கையில் வைத்தா.

நான் என்ன செய்தேன் தெரியுமா? பெரிய மனிதரிடம் போகிற காசு அழுக்காகப் போகலாமா? மாமி வெள்ளிக்கிழமைகளில் குத்துவிளக்கு மினுக்குவாவே, அதேபோல் பழப்புளியும் சாம்பலும் போட்டுத் தேங்காய்ப் பொச்சால் தேய்தேய் என்று தேய்த்தேன். பச்சையும் கறுப்பும் போய், புதுமாப்பிள்ளை போலப் பளபளத்தது. வாழ்க்கையில் முதல்தரமாக உங்களுக்கு ஒரு மரியாதை செய்துவிட்டேன் என்று நினைத்தேன்.

புடவைக்கடை ஹாஜியார் பழங்காசு சேர்க்கிறவர். வில்லையைக் கண்ணில் வைத்துக் கனநேரம் பார்த்தார்.

"ஒல்லாந்தர்ர காசுதான். இந்தப் பக்கம் முத்திர மங்கலாத் தெரியிது. ஆரு மகன் இத மினுக்கின?"

"நான்தான், ஹாஜியார்."

"களப்புத் தண்ணி உப்புத் திண்ட செம்பு இது. எழுத்தெல்லாம் அந்தக் கறுப்புத் தோலிலதான் இரிக்கும். நீ தோல உரிச்சுப் போட்டாய்."

மாமி மறுபக்கத்தைக் காட்டிக் கேட்டா. அவர் வெளிச்சத்தில் சரித்துப் பார்த்தார். "அடிச்ச காசு அச்சில ஒட்டிக்கிட்டா, அடுத்த காசில அப்பிடித்தான் பள்ளமா விழும். அரும. உங்கட ஊட்டுக்காரர் சொன்னது நடக்கிற காரியம்தான். ஆனா இப்ப இதில ஒண்டுமில்ல. நான் எத வச்சு ஓம் எண்டுற? இனி இது ஒரு பிளேன்டீக்கும் காணாது."

பிறகு கேட்டார்: "அவர் இரிக்கக்குள்ள ஏன் கொண்டுவரல்ல?"

"ஒருக்காக் கொண்டுபோனவர்" என்றா மாமி. "கொழும்பு ஐயா ஒருத்தர் போன் எடுத்து, காசப் பாக்கோணும் எண்டு, சனிக்கிழமை பத்து மணிக்கு மட்டக்களப்புக் கோட்டை வாசலுக்கு வெள்ளைச் சேட்டோட வரச் சொன்னாராம். ரெண்டு மணி மட்டும் நிண்டவர். ஐயா வரல்ல. 'பெரிய ஆக்களுக்கு நம்மட சேத்துக்காசு என்னத்துக்கு' எண்டிட்டு, அதுக்குப் பிறகு ஆரிட்டயும் காட்டயில்ல."

நான் கடையின் சாறன் அடுக்கைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மாமா, அந்த ஐயாவின் குரல் உங்களுக்குக் கொஞ்சமும் பிடிபடவில்லையா? மூக்கைப் பொத்திக்கொண்டு பேசினேன். அன்று காலை உங்கட சேட்டை அயன் பண்ணித் தந்தவனும் நான், சேட்டை செய்தவனும் நான். எதிரே மரத்துக்குக் கீழே நானும் கூட்டாளிமாரும் ஐஸ்பழம் சூப்பிக்கொண்டு நின்றோம். ஒவ்வொரு வாகனம் வரும்போதும் நீங்கள் கொலரைச் சரிசெய்தீர்கள். அதற்குத்தான் ஆகக் கூடுதலாகச் சிரித்தோம். வீட்டுக்கு வந்து, "பாவம் மருமகன், அந்த ஐயாக்கு என்ன அவசரமோ" என்றீர்கள். என் முகத்தைப் பார்த்துச் சொன்னீர்களே. தெரிந்துதான் சொன்னீர்களா?

அந்தச் சனிக்கிழமை உங்களை ஹாஜியாரிடம் அனுப்பியிருந்தால் காசு கறுப்புத் தோலோடு போயிருக்கும். ஊர் வாயை மூடியிருக்கும். இப்போது ஊருக்கு நீங்கள் புளுகன். நான், மாமாவின் காசோடு மாமியைக் கூட்டிக்கொண்டு அலைந்த நல்ல மருமகன்!

இந்தக் கடிதத்தை முதலில் மாமிக்கு வாசித்துக் காட்டுவேன். பிறகு துறையடியில், என் பாட்டைப் பாடுகிறவர்களுக்கு. வருகிற சனிக்கிழமை பத்து மணிக்கு உங்கட வெள்ளைச் சேட்டோடு கோட்டை வாசலில் நிற்பேன், இரண்டு மணிவரை. சேட்டு எனக்குப் பெரிது. மாமி இதைக் கேட்ட பிறகு என்னை வாசல்படி மிதிக்க விடுவாவோ தெரியாது.

அன்று வராமல் போன,
உங்கட மருமகன்,
கொழும்பு ஐயா.