வெறும் போத்தல்

அண்ணை,

இன்று காலை டோர்ட்மண்ட் ரயில் நிலையத்தில் பாண் சுடும் கடையில் புகையூட்டிய சால்மன் மீனின் வாசனை வந்ததும் எதுவும் வாங்காமல் வெளியே வந்துவிட்டேன். நீங்கள் கண்ணை மூடி நான்கு மாதம் ஆகிறது. உங்களிடம் சொல்லாமல் விட்ட ஒன்று இருக்கிறது.

மீனைப் பிடிக்காமலே மீனைத் தேடும் எங்கள் வேலை உங்களுக்கு எவ்வளவு பிடிக்கும்! ஆற்றுத் தண்ணீரை அள்ளி வடிகட்டினால், அந்தப் பக்கம் நீந்திய மீன் விட்டுப்போன சளியும் செதில் துணுக்கும் வடிதாளில் தங்கிவிடும். அதிலுள்ள டி.என்.ஏ. எந்த மீன் என்று காட்டிக்கொடுத்துவிடும். ரூர் ஆற்றில் நீங்கள் தேடியது, அங்கே எப்போதோ இல்லாமற்போன சால்மனை. "அது ஒருக்காத் திரும்பி வந்திட்டுதெண்டால் நான் நிம்மதியா பென்ஷனுக்குப் போவன்" என்பீர்கள்.

ஒவ்வொரு தடவையும் ஆய்வுகூடத்துச் சுத்தமான தண்ணீரை ஒரு போத்தலில் கொண்டுபோய், கரையில் திறந்து, ஆற்று நீரைப் போலவே வடிகட்டி வருவீர்கள். அந்த 'வெறும் போத்தலில்' மீனின் தடயம் இருந்தால் அது எங்கள் கையால் வந்த அழுக்கு. "வெறும் தண்ணிக்கும் ஊர்வலமோ அண்ணை?" என்று நான் கிண்டலடித்தால், "எங்கட வாய் பொய் சொல்லும் தங்கச்சி, இது சொல்லாது" என்பீர்கள்.

ஒக்டோபரில் கடைசியாகச் சேர்ந்து போனோம். நீங்கள் கரையில் நின்றபோது, பசி தாங்காமல் வாகனத்தில் இருந்தபடி சால்மன் வைத்த பாணைத் தின்றேன். நீங்கள் கூப்பிட, கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்து போத்தல்களைத் திறந்தது நான்தான். கையுறை போட்டேன். ஆனால் போடும்போதே எதைத் தொட்டேனோ?

போன கிழமை முடிவு வந்தது. ஆற்று நீரில் சால்மன். ஆய்வுகூடப் பொறுப்பாளர் கண் கலங்கிவிட்டார். அறிக்கையில் உங்கள் பெயரைப் போடவேண்டும் என்றார். உங்கள் மனைவிக்கும் சொல்லிவிட்டார்கள். அக்கா என்னை அழைத்து, "அவர் தேடின மீன் வந்திட்டுதாமே?" என்று அழுதா. "ஓம் அக்கா" என்றேன். அதன்பிறகு எனக்கு ஒழுங்கான நித்திரை இல்லை.

வெறும் போத்தலின் தாள் சோதிக்கப்படாமல், உங்கள் கையெழுத்தோடு குளிர்பெட்டியில் கிடந்தது. உங்கள் வேலை என்பதால் யாரும் சந்தேகப்படவில்லை. நானே எடுத்துச் சோதனைக்கு வைத்தேன்.

இன்று மதியம் தெரிந்தது. அதிலும் சால்மன்.

பொறுப்பாளரிடம் பாணைப் பற்றிச் சொல்லிவிட்டேன். உங்கள் பெயர் போட்ட பக்கத்தை எடுத்துவிட்டார்கள். அக்காவிடம் வெள்ளிக்கிழமை நேரில் சொல்லவேண்டும், அதை நினைக்கவே பயமாக இருக்கிறது. மீன் வரவில்லை என்றும் சொல்ல ஏலாது, அண்ணை. வந்திருக்கவும் கூடும். நான் தின்ற துண்டு அதை மறைத்துவிட்டது.

வரும் ஒக்டோபரில் அதே கரைக்குப் போவேன். பட்டினியோடு போவேன். வெறும் போத்தலை நானே சுமப்பேன்.