நீலப்பந்துப் பூ சிவந்த காரணம்

நலம் சிறக்க. மேகம் இறங்கித் தங்கும் கடுங்கோட்டு மலைநாட்டை ஆளும் தம்பியார் நன்னாகனார் திருமுன், ஆழித்துறை நாட்டுக் கோப்பெருந்தேவி பூதிமாதேவியார் விடுக்கும் ஓலை. உமது சுனைகள் வற்றாதிருக்க. உமது பிள்ளைகள் நெடுநாள் வாழ்க.

தேவியார் மணமுடித்து உமது நாட்டிலிருந்து வந்த நாளில் சீதனத்தோடு வந்த நீலப்பந்துச் செடியையும், அதைப் பேண உடன்வந்த தோட்டக்காரன் அழிசியையும் நீர் அறிவீர். ஒன்பது வயதில் காய்ச்சலில் மறைந்த இளவரசர் குமணனுக்கு அச்செடியருகே நினைவுக்கல் நட்டதும், பிள்ளை விரும்பிய அந்த நீலத்தைப் பார்த்தே தேவியார் இதுநாள்வரை உயிர் தரித்ததும் அறிவீர். அப்பூ இவ்வாண்டு சிவப்பாய் விரிந்தது. ஏன் என்று கேட்டால் அழிசி வாய் திறக்கவில்லை. செடியை மாற்றினான், நஞ்சு ஊற்றினான் என்று அவையோர் ஆளுக்கொன்று சொல்ல, தேவியார் சினந்து, வரும் பௌர்ணமியில் அவன் வலக்கையைத் துணிக்குமாறு, உமது குடியாதலால் உமது சிறைக்கே அனுப்பினார்.

சென்ற வாரம் உப்பு வாணிகம் பேச உமது நகர் வந்த ஆழித்துறை அமைச்சர் சேந்தனார் சிறைக்கும் போனார். அங்காடியில் வளர்ந்தவர், எவன் வாயையும் பேரத்தால் திறப்பவர். விடுதலை தருகிறேன் என்றார், நிலம் தருகிறேன் என்றார், தம் காதுக் கடுக்கனைக்கூடக் கழற்றிக் காட்டினார், படியவில்லை. வாயை மூடிக்கொண்டிருப்பதில் உனக்கு என்னப்பா லாபம் என்று அலுத்துப்போய்க் கேட்டாராம். சொன்னால் என் கை பிழைக்கும் ஐயா, தேவியம்மாவின் கைக்கு என்ன வழி என்றானாம் அவன்.

அதற்குமேல் அமைச்சர் பேரம் பேசவில்லை, கெஞ்சினார். அவன் மெல்லச் சொன்னது இது: புளித்த மண்ணில் அச்செடி நீலம் பூக்கும், சுண்ணாம்பு ஏறிய மண்ணில் சிவக்கும். துக்கம் காக்கும் தாய் அமாவாசைதோறும் தன் கையாலேயே கல்லுக்குச் சுண்ணாம்பு பூசுவது ஆழித்துறை வழக்கம். தேவியார் பூசியதை மழை கழுவி வேருக்கு இறக்கியது. முதலாண்டு நீலம் தாங்கிற்று, மறுவாண்டு கத்தரிப்பூ நிறம், இவ்வாண்டு சிவப்பு.

அமைச்சர் திரும்பிவந்து சொல்ல, தேவியார் கேட்டார். நகக்கண்ணில் ஒட்டியிருந்த வெள்ளையைக் கழுவ வந்த தாதியை விலகிப்போகச் சொன்னார்.

அழிசி இன்னொன்றும் சொன்னான். சுண்ணாம்பே படாத மலைச்சரிவிலும் அப்பூ நீலமாகவே நின்றுவிடுவதில்லை. வெளிர்பச்சையாய் விரிந்து, நீலமேறி, பனி இறங்கும்போது முதிர்ந்து, பச்சையும் மங்கிய செம்மையுமாய்க் காம்பிலேயே காயும். வயது ஏறினால் அப்படித்தான். அதற்கு அவனிடம் வைத்தியம் இல்லை.

ஆதலால், ஓலை கண்ட அக்கணமே அழிசியின் விலங்கைக் களைக. திரும்பி வருவதும் வராததும் அவன் விருப்பம். வாவென்று எவரும் வற்புறுத்தலாகாது. கல்லுக்கு இனிச் சுண்ணாம்பு இல்லை, கறுத்தால் கறுக்கட்டும். அப்பூ எந்நாளில் எந்நிறம் கொண்டாலும் அதன்பொருட்டு எவரையும் ஏன் என்று கேட்கலாகாது, தேவியாரும் கேட்கமாட்டார்.

இஃது ஆணை. நாவாய் இலச்சினை இட்டது.