பிரம்மத்தைப் பார்த்தவருக்கு

பிரம்மத்தைப் பார்த்துவிட்டவருக்கு, நமஸ்காரம்.

செவ்வாய்க்கிழமை நாகமலை ஆசிரமத்திலிருந்து பிரஷர் மாத்திரை எடுத்துப்போக வீட்டுக்கு வந்தீர்கள். நாலு தோசை சாப்பிட்டுக்கொண்டே, "மனசு அடங்கினா பரம்பொருள் தானா தெரியும். நான் பார்த்துட்டேன்" என்றீர்கள்.

அன்று காலையில் ஸ்கேனுக்காகத் தாலிச் செயினைக் கழற்றிவிட்டு, வெறும் மஞ்சள் கயிற்றோடுதான் எதிரே நின்று பரிமாறினேன். அது உங்களுக்குத் தெரியவில்லை. சட்னியில் உப்பு குறைவு என்பது தெரிந்தது.

வரும் திங்கட்கிழமை எனக்கு ஆபரேஷன். ஆஸ்பத்திரியில் நம் மகள் சாருலதா கையெழுத்துப் போட்டுவிட்டாள். நீங்கள் வர வேண்டாம்.

எட்டு வருஷம் கண்ணை மூடி நீங்கள் பிடித்த 'நான் இல்லாத நிலை'யை மயக்க ஊசி அரை நிமிஷத்தில் கொடுத்துவிடுமாம். அங்கே ஏதாவது இருந்ததா என்று, திரும்பி வந்தால் சொல்கிறேன்.

இப்படிக்கு,
தோசை வார்த்தவள்