முப்பத்தொரு முறை தோற்றவர்

கரமனை, திருவனந்தபுரம்
5-2-1984

மதிப்பிற்குரிய திரு. தாணுமாலையன் அவர்களுக்கு,

முன்பின் அறியாத ஒருவன் எழுதுகிறேன். என் பெயர் நாகேஸ்வரன். அரசாங்க ஆபீஸில் குமாஸ்தா. என்னோடு வேலை செய்யும் சேஷன் சென்ற மாதம் பொன்முடி பார்க்க வந்தவன், தேயிலை ஃபாக்டரி வாசலில் காவலுக்கு நின்றவரின், குஸ்திக்காரர்களுக்கே உரிய நசுங்கி வீங்கிய காதைப் பார்த்திருக்கிறான். பெயரையும் விசாரித்துக்கொண்டு வந்து, "ஓய், உம்மோட கரடியைப் பாத்துட்டேன்!" என்று திங்கட்கிழமை ஆபீஸையே கூட்டிவிட்டான். குஸ்தி நோட்டீஸில் 'கரடி தாணு' என்று போட்டது தங்களைத்தானே?

1966-ல் புத்தரிக்கண்டம் மைதானத்தில் தகரம் அடைத்து நடந்த குஸ்தியை நான்கு மாலை பார்த்தேன். எனக்கு அப்போது இருபத்தொரு வயது. 'சிங்கம்' அழகியநம்பி கயிற்றின் மேலேறிப் பாயும்போது கத்திக் கத்தி எனக்குத் தொண்டை கட்டிவிடும். தங்களைக் கண்டால் எரிச்சல். அவர் காலை மடக்கிப் பிடித்துக்கொண்டு பத்து நிமிடம் தரையிலேயே கிடப்பீர்கள். "எணீற்றுப் போடா கரடீ!" என்று, எழுந்து போகச் சொல்லி, கேலரி முழுக்கக் கூவும். மூன்றாம் நாள், பாதி தின்ற ஆரஞ்சை எறிந்தேன். தங்கள் காதில் பட்டது. பக்கத்தில் இருந்தவன் எனக்குக் கை கொடுத்தான்.

பிறகு, யார் ஜெயிப்பது என்று முன்னாலேயே பேசி வைத்துக்கொள்வார்கள் என்று ஒருவன் சொன்னான். ஏமாந்தோமே என்று ஆத்திரம். பதினைந்து வருடம் குஸ்தி நடக்கும் திசைக்கே போகவில்லை. சென்ற டிசம்பரில் சேஷன்தான் ஒரு சின்ன குஸ்திக்கு இழுத்துப் போனான். கெட்டவனாக வந்தவன் எதிராளியைத் தலைக்கு மேல் தூக்கினான். தூக்கத் தெரிந்தது, இறக்கத் தெரியவில்லை. எதிராளியின் காறை எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. ஜனங்கள் அதுவும் ஆட்டம் என்று நினைத்துக் கைதட்டினார்கள்.

வீடு வரை நடந்தே வந்தேன். அந்த நான்கு மாலையும் நம்பியைத் தாங்கள் எத்தனை முறை தூக்கிப் போட்டிருப்பீர்கள்! ஒரு சிராய்ப்பு இல்லாமல் எழுந்து நின்றாரே. பறந்தவரை மட்டும் பார்த்துவிட்டு, பிடித்த கையைப் பார்க்காமல் விட்டிருக்கிறேன். ஆரஞ்சுக்காக மன்னிக்க வேண்டும்.

பணிவுடன்,
நாகேஸ்வரன்


பொன்முடி
19-2-1984

நாகேஸ்வரன் சார் அவர்களுக்கு தாணுமாலையன் எழுதுவது.

கடிதம் கிடைத்தது. கரடி நான்தான். நான் ஐந்தாம் வகுப்பு. எழுத்துப் பிழை இருந்தால் பொறுக்கவும்.

உங்கள் ஆரஞ்சு ஞாபகம் இல்லை. செருப்பு, தேங்காய்ச் சிரட்டை, ஆலப்புழையில் ஒரு முழு மீன், இப்படிப் பல வந்ததால் ஆரஞ்சு கணக்கில் நிற்கவில்லை. மன்னிக்க ஒன்றும் இல்லை. நீங்கள் எறிந்தால்தான் நான் வேலையைச் சரியாகச் செய்தேன் என்று அர்த்தம்.

காலைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். பதினெட்டு வருடம் கழித்து உண்மையைச் சொல்கிறேன். நம்பிக்கு மூச்சு நாலு நிமிடம்தான். ஐந்தாவது நிமிடம் வாயைப் பிளந்துவிடுவான். அதற்காக அவனைக் கீழே தள்ளி, காலைப் பிடித்து, என் முதுகால் அவன் முகத்தை மறைத்துக்கொண்டு கிடப்பேன். அவன் பாட்டுக்கு மூச்சு வாங்குவான். வசவு எனக்கு. "சரிடே" என்று காதில் சொல்வான். விடுவேன். எழுந்து பறப்பான். கைதட்டு அவனுக்கு.

என் கையைப் பார்த்ததாக எழுதிய முதல் ஆள் நீங்கள். கடிதத்தை என் வீட்டுக்காரி முத்தாரம்மாளிடம் வாசித்துக் காட்டினேன். கொழுந்து பறித்துவிட்டு வந்த அலுப்பிலும் இரண்டாவது தடவை வாசிக்கச் சொன்னாள்.

ஒன்று கேட்கிறேன். மறைக்காமல் சொல்லவும். நம்பிக்கும் இப்படிக் கடிதம் போட்டீர்களா?

இப்படிக்கு,
தாணுமாலையன்


கரமனை
3-3-1984

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

அப்படி அழைக்கலாம் அல்லவா? மூச்சு விஷயத்தைப் படித்துவிட்டு ஆபீஸில் வேலையே ஓடவில்லை. எனக்கு வெறுத்துப்போன அந்தப் பத்து நிமிடம்தான் இப்போது கண்ணை மூடினால் வருகிறது. அதை மட்டும் திரும்பப் பார்க்க முடியாதா என்று இருக்கிறது. நான் எழுதிக்கொண்டிருப்பதைப் பார்த்து என் மனைவி சாவித்ரி, "எனக்கு ஒரு நாளாவது இத்தனை பக்கம் எழுதியிருக்கேளா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். பாத்திரச் சத்தம் கொஞ்சம் கூடுதலாகக் கேட்கிறது.

மறைக்காமல் சொல்கிறேன். 1966-லேயே நம்பிக்கு எழுதினேன். கையெழுத்துப் போட்ட படம் அனுப்பினார். இப்போதும் எழுதினேன். அவர் நேமத்தில் இருக்கிறார். போன வருடம் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் குழறுகிறது. பழைய ரசிகர்கள் சிலர் சேர்ந்து, ஏப்ரல் 29-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை மாலை அவருக்கு ஒரு பாராட்டுக் கூட்டம் வைக்கிறோம். நான்தான் செயலாளர். தாங்கள் மேடைக்கு வந்து அவருக்கு மாலை போட வேண்டும். இது என் ஆசை. அவசியம் வர வேண்டும்.

அன்புடன்,
நாகேஸ்வரன்


பொன்முடி
11-3-1984

நாகேஸ்வரன் சாருக்கு,

கரடியிடம் மன்னிப்பு, சிங்கத்துக்கு மாலை. நல்ல ஏற்பாடு.

நான் அவனிடம் முப்பத்தொரு முறை தோற்றேன். நாகர்கோவில் முதல் கண்ணூர் வரை ஊர் ஊராகச் சொல்லுவேன். தோற்றதற்கு வருத்தம் இல்லை. அது வேலை. ஆனால் அந்த 66-ல், கொல்லம் ஆட்டம் முடிந்ததும் மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "தாணு, திருவனந்தபுரத்தில் கடைசி நாள் நீ ஜெயிக்கிறாய்" என்றார். ஒரு தடவை. ஒரே ஒரு தடவை. முத்தாரம்மாளை ஊரிலிருந்து வரவழைத்தேன். அவள் நான் ஜெயித்துப் பார்த்ததே இல்லை.

அன்றைக்கு மத்தியானம் நம்பி மேனேஜரிடம் போனான். "கரடி ஜெயிச்சா ஜனம் நாற்காலியைக் கொளுத்திரும்" என்று சொல்லி மாற்றிவிட்டான். முப்பத்தொன்றாவது முறையும் நான்தான் மல்லாந்து கிடந்தேன். கேலரியைப் பார்த்தால் என் பெண்டாட்டி எழுந்து நின்று அவனுக்குக் கைதட்டுகிறாள். கேட்டதற்கு, "எல்லாரும் தட்டும்போ நான் மட்டும் சும்மா இருந்தா, கரடி பெண்டாட்டின்னு கண்டுபிடிச்சிர மாட்டாங்களா?" என்றாள். அவள் சொன்னது நியாயம். ஆனாலும் அந்தக் கைதட்டு எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

அவன் படம் காலண்டரில் வந்தது. சலூனில் ஒட்டியிருந்தது. எங்கள் எஸ்டேட் லயத்து வரிசையில் பக்கத்து வீட்டுச் சுவரில்கூட இருந்தது. தினமும் அதைத் தாண்டித்தான் தண்ணீருக்குப் போவேன். இப்போது அவனுக்கு நோய் வந்தாலும் கூட்டம் கூடுகிறது. போன மழையில் எனக்குப் பத்து நாள் காய்ச்சல். ஒரு ஆள் எட்டிப் பார்க்கவில்லை.

பொறாமைதான். இல்லை என்று சொல்ல மாட்டேன். நான் வரவில்லை.

தாணுமாலையன்


கரமனை
26-3-1984

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

தங்கள் கோபம் நியாயமானது. கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு ஒரு வாரம் திரிந்தேன். நேற்று நேமத்துக்குப் போய், நம்பியிடம் அந்தக் கடைசி நாளைப் பற்றி நேராகவே கேட்டுவிட்டேன். தங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். ஆனால் அவர் சொன்னதைத் தங்களிடம் மறைக்க எனக்கு உரிமை இல்லை.

அவர் பேசுவது எனக்குப் பாதிதான் புரிந்தது. அவர் மனைவி சரோஜம் பக்கத்தில் நின்று திருப்பிச் சொன்னார்.

"நாற்காலின்னு சொன்னது சும்மா" என்றார் முதலில். "ஆட்டம் முடிஞ்சா ஜனம் என்னைச் சுத்தி நிக்கும். உள்ளே போனா ஒருத்தன் என் பக்கம் வரமாட்டான். குஸ்திக்காரன் எல்லாம் தாணுவைச் சுத்தி உட்காந்திருப்பான். 'அண்ணே, இந்தப் பிடி எப்படி, எப்படி விழணும்?' என்னட்டே ஒருத்தன் ஒண்ணு கேட்டதில்லை. எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு அவனுகளுக்குத் தெரியும். தாணு ஒரு தடவை ஜெயிச்சிருந்தா, குஸ்தி யாருக்குத் தெரியும்னு ஊருக்கும் தெரிஞ்சிருக்கும். எனக்குப் பொறுக்கல."

பிறகு, "அவன் வருவானா?" என்று கேட்டார். எழுதியிருக்கிறேன் என்று மட்டும் சொன்னேன். "சாரமில்ல, போகட்டும்" என்று இடது கையை ஆட்டினார்.

திரும்பி வரும் பஸ்ஸில் எனக்கே ஒரு வெட்கங்கெட்ட எண்ணம் வந்தது. தாங்கள் அவரைப் பார்த்துப் பொருமுகிறீர்கள், அவர் தங்களைப் பார்த்து. இருபது வருடமாக ஃபைல் கட்டுகிறேன். என்னைப் பார்த்துப் பொறாமைப்பட உலகத்தில் ஒரு ஆள் கிடையாது. உங்கள் இரண்டு பேர் மேலும் எனக்குப் பொறாமையாக இருந்தது.

மேடையில் தங்களுக்கு ஒரு நாற்காலி இருக்கும்.

அன்புடன்,
நாகேஸ்வரன்


கரமனை
2-5-1984

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

பதில் இல்லை. தாங்களும் வரவில்லை. குறை சொல்லவில்லை.

கூட்டம் நன்றாகவே நடந்தது. நம்பியை நாற்காலியோடு தூக்கி மேடையில் வைத்தோம். தங்களைப் பற்றி நான்தான் பேசினேன். எனக்குக் கூட்டத்தில் பேசிப் பழக்கம் இல்லை. காலைப் பிடித்த அந்தப் பத்து நிமிடத்தைப் பற்றிச் சொன்னபோது தாளைப் பார்க்க மறந்து ஏதேதோ சொல்லிவிட்டேன். சபையில் நாலைந்து பேர் கைதட்டினார்கள். முதலில் தட்டியது நம்பி. ஒரு கையால் தொடையில் தட்டினார்.

இனி எழுதித் தொந்தரவு செய்ய மாட்டேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளவும். அக்காவை விசாரித்ததாகச் சொல்லவும்.

நாகேஸ்வரன்


பொன்முடி
19-6-1984

அன்புள்ள நாகேஸ்வரன் தம்பிக்கு,

பதில் போடாதது என் தப்பு. நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

உன் மார்ச் மாதக் கடிதத்தைப் படித்ததும் எனக்கு இரக்கம் வரவில்லை. சந்தோஷம்தான் வந்தது. நம்பி என்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டான்! அன்றைக்குச் சோறு இரண்டாம் தடவை கேட்டு வாங்கித் தின்றேன். அந்தப் பக்கத்தை மட்டும் முத்தாரம்மாளுக்குத் தினமும் வாசித்தேன். "போதும், காயிதம் கிழிஞ்சிரும்" என்றாள். கொஞ்ச நாள் போனது. "சந்தோஷப்பட்டது தீந்துதா? போயி ஒரு எட்டு பாத்துட்டு வாரும்" என்றாள்.

29-ஆம் தேதி வந்தேன். ஹால் வாசல் வரைக்கும் வந்தேன். துணியில் அவனை ஆள் உயரத்துக்கு வரைந்து கட்டியிருந்தீர்கள். அதைப் பார்த்ததும் பழைய எரிச்சல் வந்துவிட்டது. யாரோ "நாகேஸ்வரன் சார்" என்று கூப்பிட்டார்கள். கண்ணாடி போட்ட ஒல்லியான ஆள் மாலைக் கூடையோடு ஓடினார். நீதான் என்று தெரிந்தது. கூப்பிடவில்லை. திரும்பிவிட்டேன். அதனால் நீ பேசியதைக் கேட்கக் கொடுத்து வைக்கவில்லை.

அன்றைக்குப் பொன்முடிக்கு பஸ் இல்லை. சாலைக் கடைத்தெருவில் சொந்தக்காரன் கடையில் தங்கினேன். காலையில் மலைக்குப் போக வேண்டியவன் நேமம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். ஏன் என்று கேட்டால் தெரியாது.

நான் போன நேரம், சரோஜம் அவனை இரண்டு அக்குளிலும் பிடித்து இழுத்து உட்கார வைக்கப் பார்க்கிறது. அவன் வலியில் கத்துகிறான். எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. "அப்படித் தூக்கக் கூடாதும்மா, தோள் இறங்கிப்போகும்" என்று சொல்லி, முதுகுக்கு அடியில் கையைக் கொடுத்து, என் நெஞ்சோடு அணைத்துத் தூக்கினேன். சத்தம் போடாமல் உட்கார்ந்தான். அப்போதுதான் யார் என்று பார்த்தான்.

"வந்துட்டியாடே" என்றான்.

"நேத்து எத்தனை மாலை விழுந்துது?"

"பதினேழு."

"எனக்கு ஒண்ணுகூட விழுந்ததில்லை."

"தெரியும். நான்தானே விடலை" என்றான்.

அழுதான். அவன் அழுவதைப் பார்க்க வேண்டும் என்று எத்தனையோ வருடம் நினைத்ததுண்டு. பார்த்தபோது ஒரு சுகமும் இல்லை. முகத்தைத் துண்டால் துடைத்துவிட்டு, "அடுத்த சனிக்கிழமை வாரேன்" என்றேன்.

அதிலிருந்து சனிக்கிழமைதோறும் இறங்குகிறேன். ஞாயிறு குளிப்பாட்டி, காலை மடக்கி நீட்டிப் பழக்கிவிட்டு, திங்கள் முதல் பஸ்ஸில் மலை ஏறிவிடுகிறேன். ஏழு வாரத்தில் சுவரைப் பிடித்து நாலடி வைக்கிறான். விழப் போனால் பிடிக்கிறேன். "அண்ணன் வந்தா மட்டும்தான் இவரு சொன்னபடி கேக்காரு" என்று சரோஜம் அக்கம்பக்கத்தில் சொல்லுது. அதைக் கேட்க எனக்கு நன்றாக இருக்கிறது. மன்னித்துவிட்டாயா என்று நீ கேட்பாய். கேட்காதே. எனக்கே தெரியவில்லை.

நீ ஒரு ஞாயிற்றுக்கிழமை அவசியம் நேமத்துக்கு வர வேண்டும். சாவித்ரியம்மாவையும் கூட்டிக்கொண்டு வா. அதற்கு முன்னால் அந்த அம்மாவுக்கும் ஒரு கடிதம் எழுதிவிடு.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். வந்தால் அவன் கட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்து அவனிடம் மட்டும் பேசிக்கொண்டிருக்கக் கூடாது. முதலில் என்னிடம் பேச வேண்டும்.

இப்படிக்கு, உன் வரவை எதிர்பார்க்கும்
தாணு அண்ணாச்சி